சில்வியா பிளாத்: இருமுறை பாய்ந்த மின்சாரம்

முப்பது ஆண்டுகளே வாழ்ந்து, மறைந்த பின்னரே முழுமையாக அறியப்பட்ட கவிஞர் சில்வியா பிளாத். சிற்றிதழ்களின் வழியே நவீனக் கவிதையைப் பயின்ற தமிழ் வாசகருக்கு அவர் பெயர் புதியதன்று. எனினும் அப்பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அவருடைய முடிவாகவே இருக்கிறது. அம்முடிவின் நிழல் அவருடைய வாழ்வின் மற்றெல்லாப் பக்கங்களையும் மறைத்துவிட்டது. மறைந்த பக்கங்களுள் ஒன்று 1953ஆம் ஆண்டு. அவ்வாண்டின் கோடையிலும் குளிர்காலத்திலுமாக இருமுறை அவருக்கு மின்னதிர்வுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. முதன்முறை அது அவரை அச்சத்தின் அடியாழத்தில் கொண்டு நிறுத்தியது. மறுமுறை மீண்டும் கல்லூரிக்கும் கவிதைக்கும் அனுப்பிவைத்தது. சிகிச்சை ஒன்றே, விளைவுகள் இருவேறு. அவ்வேறுபாட்டின் காரணத்தை அவருடைய வாழ்க்கை வரலாற்றினூடே காண்பது, கவிஞர்களுக்கு மட்டுமன்றி இளைஞர்களைப் பெற்றோர்க்கும் பயிற்றுவிப்போர்க்கும் பயன்தருவதாகும்.

பிறப்பும் இளமையும்

சில்வியா 1932 அக்டோபர் 27ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஓட்டோ பிளாத் ஜெர்மனியில் பிறந்து குடியேறியவர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். வண்டுத்தேனீக்களைப் பற்றி 1934இல் நூல் வெளியிட்ட பூச்சியியல் அறிஞர். தாய் அவ்ரேலியா, கணவரைவிட இருபத்தோரு வயது இளையவர். 1935இல் தம்பி வாரன் பிறந்தான்.

ஓட்டோவின் உடல்நலம் சில ஆண்டுகளாகவே குன்றி வந்தது. நண்பர் ஒருவர் புற்றுநோயால் இறந்ததைக் கண்டிருந்த அவர், தமக்கும் அதுவே வந்துவிட்டதென்று தாமே முடிவுகட்டிக்கொண்டு மருத்துவரிடம் செல்ல மறுத்தார். உண்மையில் அவருக்கு இருந்தது நீரிழிவு. இன்சுலின் வழக்கத்திற்கு வந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1940இல் கால்விரலில் பட்ட அடி புரையோடிக் காலையே வெட்டவேண்டியதாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது சில்வியாவுக்கு எட்டு வயது நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. கட்டுப்படுத்தக்கூடிய நோய் ஒன்று, தவறான எண்ணத்தாலும் அச்சத்தாலும் உயிரைக் கொண்டுபோன முதல் நிகழ்ச்சி அவ்வீட்டில் இவ்வாறு நேர்ந்தது.

அடுத்த ஆண்டே பாஸ்டன் நாளிதழ் ஒன்றின் சிறுவர் பகுதியில் சில்வியாவின் முதற்கவிதை அச்சேறியது. 1942இல் குடும்பம் வெல்லெஸ்லி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தாய் சுருக்கெழுத்துக் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். மகள் பள்ளியில் எப்போதும் முதன்மை பெற்றார். இதழ்களுக்குக் கதைகளும் கவிதைகளும் அனுப்பி, திரும்பி வந்தவற்றைத் திருத்தி, மீண்டும் அனுப்பும் விடாமுயற்சி அவ்வயதிலேயே அவருக்கு வாய்த்திருந்தது. கைம்பெண்ணின் மகளாய், பிறர் தரும் உதவித்தொகையால் பயிலும் பிள்ளை தோற்கவே கூடாது என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது. பிற்காலத்துத் துன்பத்திற்கு இவ்வெண்ணமும் ஓர் உரமாயிற்று எனலாம்.

கல்லூரி வாழ்வு

1950இல் புகழ்பெற்ற ஸ்மித் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த உதவித்தொகையை நிறுவியவர் ஆலிவ் ஹிகின்ஸ் பிரௌட்டி என்னும் நாவலாசிரியை. அவ்வம்மையாரே தம் வாழ்வில் மனநோயுற்று, உரிய சிகிச்சையால் மீண்டவர் என்பது பின்னர் நேரவிருந்தவற்றை நோக்கக் குறிப்பிடத்தக்கது.

1952இல் மாத்மோசெல் என்னும் மகளிர் இதழின் சிறுகதைப் போட்டியில் சில்வியா பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு அவ்விதழ் நாடெங்குமிருந்து தேர்ந்தெடுத்த இருபது கல்லூரி மாணவியருள் ஒருவராக, 1953 ஜூன் திங்களில் விருந்தினர் ஆசிரியராய் நியூயார்க் சென்றார். வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது வெற்றியின் உச்சி. உள்ளேயோ களைப்பும் வெறுமையும் மிகுந்தன. வீடு திரும்பியபோது, பெரிதும் எதிர்பார்த்திருந்த ஹார்வர்டு கோடைக்கால எழுத்து வகுப்பில் இடமில்லை என்ற செய்தி காத்திருந்தது.

இருண்ட கோடை

ஒரு வகுப்பில் இடம் கிடைக்காமையால் எவரும் மனநோயாளர் ஆவதில்லை. முன்னரே உள்ளே கனன்றுகொண்டிருந்த நோய் வெளிப்பட அது ஒரு வாயிலாயிற்று. உறக்கம் அற்றது. படிக்க முடியவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸைப் பற்றி ஆய்வேடு எழுத எண்ணியிருந்தவருக்கு நூலின் ஒரு பக்கத்தைக் கடக்க இயலவில்லை. தாய் சுருக்கெழுத்தேனும் கற்பிக்க முயன்றார், அதுவும் கைகூடவில்லை. மனநோய் கவிஞருக்கு வரம் என்று கருதுவோர் இக்கட்டத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். அக்கோடையில் நோய் அவருக்குச் சொற்களைத் தரவில்லை. இருந்த சொற்களையும் பறித்துக்கொண்டது.

மகளின் கால்களில் அவரே ஏற்படுத்திக்கொண்ட காயங்களைக் கண்ட தாய், மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மனநல மருத்துவர் மின்னதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். ஜூலை இறுதியில் வாலி ஹெட் என்னும் மருத்துவமனையில் அது தொடங்கியது. அப்போது சில்வியாவுக்கு வயது இருபது.

சிகிச்சையின் வரலாறு

ஷாக் வைத்தல் என்று மக்கள் வழக்கில் வழங்கும் இச்சிகிச்சை தோன்றி அன்று பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1934இல் புடாபெஸ்ட் நகர மருத்துவர் மெதுனா, வலிப்புநோயும் மனச்சிதைவும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் கருத்தின் அடிப்படையில், மருந்தூசி வழியே வலிப்பை உண்டாக்கிச் சில நோயாளர்களைத் தேற்றினார். அக்கருத்து பின்னர் நிலைபெறவில்லை. ஆனால் வலிப்பினால் சிலர் தேறியது உண்மையாயிற்று. மருந்துக்கு மாற்றாக மின்சாரத்தைப் பயன்படுத்தும் முறையை ரோம் நகரில் செர்லெத்தியும் பீனியும் கண்டனர். 1938 ஏப்ரலில் முதல் நோயாளருக்கு அதனை அளித்தனர். நோயைத் தணிப்பது மின்னதிர்ச்சியன்று. அம்மின்சாரம் மூளையில் தூண்டும் குறுகிய வலிப்பே என்பது இங்குத் தெளிவாக உணரத்தக்கது.

1953இல் மனச்சோர்வைத் தீர்க்கும் மாத்திரைகள் இல்லை. அவ்வகை மருந்துகள் 1957ஐ ஒட்டியே வெளிவந்தன. ஆதலின் உண்ணாமலும் உறங்காமலும் உயிரை வெறுத்திருந்த நோயாளர்க்கு மின்னதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது அக்காலத்தில் பிழையாகாது. பிழை அதனைச் செய்த முறையில் இருந்தது. மயக்க மருந்தின்றி இதனைச் செய்தால் நோயாளர் அச்சத்தோடு மேசைமேல் கிடக்கவேண்டும். தசைகளைத் தளர்த்தும் மருந்தின்றிச் செய்தால் உடல் முழுதும் வலிப்பில் முறுக்குண்டு, முதுகெலும்பு முறிதலும் உண்டு. தசைதளர்த்தி மருந்துகள் அப்போதே வழக்கத்திற்கு வந்திருந்தும், அவை எல்லா இடங்களிலும் கைக்கொள்ளப்படவில்லை.

சில்வியாவுக்கு அக்கோடையில் மயக்க மருந்தின்றியே சிகிச்சை அளிக்கப்பட்டது. புறநோயாளராகச் சென்று திரும்பும் அவரிடம், நடக்கவிருப்பதை முன்கூட்டி விளக்கி அச்சம் தணிப்பாரும், நடந்தபின் அருகிருந்து பேசுவாரும் இலர். தேறுதலுக்காகச் சென்றவர் அதனைத் தண்டனையாகவே உணர்ந்தார். செய்யாத குற்றத்திற்குத் தண்டனை பெறுவோரின் மனநிலையைப் பின்னாளில் தம் நாவலில் அவர் எழுதியமைக்கு இவ்வனுபவமே வித்தாயிற்று.

1953 ஆகஸ்டு 24ஆம் நாள் அவர் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று, வீட்டின் அடித்தளத்தில் எவரும் காணாத இடுக்கில் மறைந்துகொண்டார். காணாமற்போன கல்லூரி மாணவி என்று நாளிதழ்கள் எழுதின. ஊரார் காடுகளில் தேடினர். இரு நாட்களுக்குப்பின் முனகல் ஒலி கேட்டுத் தம்பி வாரனே அவரைக் கண்டுபிடித்தார். அச்சிகிச்சை ஒன்றே இதற்குக் காரணம் என அறுதியிட்டுரைக்க இயலாது. நோய் தன்னளவிலேயே கொடிது. ஆயினும் நோயின் துயரோடு சிகிச்சையின் அச்சமும் சேர்ந்து அவரைத் தனிமைப்படுத்தியது என்பதில் ஐயமில்லை.

மெக்லீனில் மீட்சி

இச்செய்தியறிந்து ஓடிவந்து உதவியவர் நாவலாசிரியை பிரௌட்டி. அவருடைய பொருளுதவியால் சில்வியா பெல்மான்ட் என்னும் ஊரிலிருந்த மெக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏற்காட்டைக் கண்டவர்கள் மெக்லீனை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். குன்றின்மேல் ஓங்கிய மரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் பழைய பங்களாக்கள் போன்ற கட்டடங்கள். நடந்து திரியப் புல்வெளிகள். அமைதியான சூழல் தானே நோயைத் தீர்ப்பதில்லை. தீர்க்கும் முயற்சிக்கு அது துணைநிற்கும்.

அங்கு அவரைப் பார்த்தவர் ரூத் பாயிஷர் என்னும் இளம் மனநல மருத்துவர். பின்னாளில் ரூத் பார்ன்ஹவுஸ் என அறியப்பட்டவர். பெண் ஒருவர் மருத்துவராய் அமர்ந்து தம் சொல்லைப் பொறுமையோடு கேட்டது சில்வியாவுக்கு முதல் ஆறுதலாயிற்று. பேச்சுவழிச் சிகிச்சையும் அக்காலத்து வழக்கப்படி இன்சுலின் சிகிச்சையும் நடந்தன. வாரங்கள் கழிந்தும் முன்னேற்றம் போதவில்லை. ஆதலின் டிசம்பர் மாதத்தில் மின்னதிர்வுச் சிகிச்சை மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. முன்னைய நினைவால் நடுங்கியவருக்கு அதனை ஏற்பது எளிதாக இருந்திராது. ஆனால் இம்முறை சில தடவைகளிலேயே குறிப்பிடத்தக்க மாற்றம் தெரிந்தது. 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஸ்மித் கல்லூரிக்குத் திரும்பினார்.

இவ்விரு சிகிச்சைகளும் அவருடைய தி பெல் ஜார் நாவலில் கதைமாந்தர் எஸ்தர் கிரீன்வுட் வாயிலாக அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆய்வுக்கூடத்தில் பொருள்களின்மேல் கவிழ்க்கும் மணிவடிவக் கண்ணாடி மூடியே அத்தலைப்பின் பொருள். அம்மூடிக்குள் அகப்பட்டவர் தம் மூச்சுக்காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிப்பதுபோல் நோயாளர் தம் எண்ணங்களுக்குள்ளேயே புழுங்குகிறார். முதற்சிகிச்சையில் எஸ்தருக்கு எதுவும் விளக்கப்படுவதில்லை. இரண்டாம் முறையிலோ மருத்துவர் அவள் தோளை அணைத்தவாறு உடன் நடந்து செல்கிறார். கண்விழிக்கும்போது அருகில் நிற்கிறார். வெளியே திறந்த வானத்தின்கீழ் அழைத்து வருகிறார். கண்ணாடி மூடி தலைக்குமேல் சற்று உயர்ந்து தொங்குகிறது. காற்று உள்ளே வருகிறது. நாவலை வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் சில்வியா எதை முதன்மையாகக் கருதினார் என்பதற்கு அது சான்று. மருத்துவப் பொறியைப் பற்றி அவர் எழுதியதைவிட, நம்பத்தக்க ஒருவரின் உடனிருப்பைப் பற்றி எழுதியதே ஆழமானது.

மீட்சிக்குப் பின்

மின்னதிர்வுச் சிகிச்சை அறிவை அழித்துவிடும் என்பது பரவலான அச்சம். சில்வியாவின் பின்னைய ஆண்டுகள் அதற்கு விடை கூறுகின்றன. தாஸ்தாயெவ்ஸ்கியின் இரு நாவல்களில் காணும் இரட்டையர் வடிவைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1955இல் மிக உயர்ந்த சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1956 பிப்ரவரியில் கவிஞர் டெட் ஹியூஸைச் சந்தித்து ஜூன் 16ஆம் நாள் மணந்தார். 1957-58இல் தாம் பயின்ற ஸ்மித் கல்லூரியிலேயே ஆங்கிலம் கற்பித்தார்.

1958 இலையுதிர் காலத்தில் பாஸ்டனின் பொது மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் நோயாளர் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் எழுத்தராகப் பணியாற்றினார். ஒருகாலத்தில் தாமே ஒரு கோப்பாக இருந்தவர் பிறர் கோப்புகளைப் படியெடுத்தார். அப்பணியிலிருந்து பிறந்த சிறுகதை, மின்னதிர்வுச் சிகிச்சைக் காட்சியோடு முடிகிறது. மறுஆண்டு ராபர்ட் லோவலின் கவிதை வகுப்பில் ஆன் செக்ஸ்டனோடு அமர்ந்து பயின்றார். லோவலும் மெக்லீனில் சிகிச்சை பெற்றவர். நோயைப் பற்றி வெட்கமின்றி எழுதலாம் என்னும் துணிவு அவ்வகுப்பில் வலுப்பெற்றது.

1960 ஏப்ரலில் மகள் ஃப்ரீடாவும் அக்டோபரில் முதல் கவிதைத் தொகுதி தி கொலோசஸும் உலகைக் கண்டன. 1962 ஜனவரியில் மகன் நிக்கோலஸ் பிறந்தான். அவ்வாண்டு கோடையில் இல்லறம் முறிந்தது. அக்டோபர் ஒரு மாதத்தில் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கவிதைகளை எழுதினார். தந்தையின் தேனீக்கள் அவற்றுள் சிலவற்றில் திரும்பிவந்தன. குழந்தைகள் விழிக்கும் முன்னர், விடியற்பொழுதில், கண்டிப்பான ஒழுங்கோடு எழுதப்பட்டவை அவை. துயரம் பொருளாகலாம், ஆனால் அதனைக் கவிதையாக்கியது பயிற்சியும் உழைப்பும் ஆகும்.

இறுதிக் குளிர்காலம்

டிசம்பரில் இரு குழந்தைகளோடு இலண்டன் வந்தார். யேட்ஸ் ஒருகாலத்தில் வாழ்ந்த வீடு அது என்பதில் மகிழ்ந்தார். அவ்வாண்டுக் குளிர் இங்கிலாந்து கண்ட கொடுங்குளிர்களுள் ஒன்று, குழாய்கள் உறைந்தன, குழந்தைகள் நோயுற்றனர். 1963 ஜனவரி 14ஆம் நாள் தி பெல் ஜார், விக்டோரியா லூகாஸ் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. அதற்குள் பழைய நோய் மீண்டிருந்தது.

மருத்துவர் ஜான் ஹார்டர் நோயின் கடுமையை உணர்ந்தார். மனச்சோர்வுக்கான மருந்து தந்தார்; நாள்தோறும் கவனித்தார்; மருத்துவமனையில் இடம் தேடினார். தக்க இடம் உடனே வாய்க்கவில்லை. அம்மருந்துகள் பயன்தர இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். அத்தனை நாட்கள் எஞ்சியிருக்கவில்லை. பிப்ரவரி 11ஆம் நாள், செவிலியர் ஒருவர் வந்துசேர வேண்டிய காலையில், அவர் உயிரோடில்லை. பத்தாண்டுகளுக்குமுன் மெக்லீனில் கிடைத்த சூழ்ந்து காக்கும் பராமரிப்பு இம்முறை உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. 1965இல் ஏரியல் வெளிவந்தது. 1981இல் தொகுக்கப்பட்ட முழுக் கவிதைகளுக்கு மறுஆண்டு புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது.

கற்பிக்கும் பாடம்

இச்சிகிச்சையின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகள் பொய்யல்ல. நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேம் இளம்பருவத்தில் மனச்சிதைவு நோயாளர் எனத் தவறாக முத்திரை குத்தப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட முறை இதற்கு ஆளானதாகத் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். அவருடைய முதல் நூலுக்குப் பரிசு கிடைத்ததே மூளை அறுவையிலிருந்து அவரைக் காத்தது. ஹெமிங்வே தம் நினைவாற்றலை இச்சிகிச்சை பறித்ததாக வருந்தினார். நினைவில் சில இடைவெளிகள் விழுவது உண்மை. பெரும்பாலும் அது சிகிச்சைக் காலத்தை ஒட்டியதாய் நாளடைவில் சீர்படினும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்புவதில்லை. இதனை மறைப்பது நோயாளருக்குச் செய்யும் தீங்காகும்.

அதே வேளையில், இன்று குறுமயக்க மருந்தும் தசைதளர்த்தியும் பிராணவாயுவும் தந்து, வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறையாக ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு தடவை அளிக்கப்படும் இச்சிகிச்சை, கடும் மனச்சோர்விலும் உண்ணாமல் பேசாமல் உடல் விறைத்துக் கிடக்கும் நிலையிலும் உயிர்காப்பதாக உள்ளது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைதளர்த்தியும் இன்றி இதனைச் செய்தலைத் தடைசெய்தது. பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு இச்சிகிச்சையே கூடாது என்பது அதன் பொது விதி. தவிர்க்கவியலாதென மனநல மருத்துவர் கருதினால், காப்பாளரின் அறிந்த ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் பெற்றே அளிக்கவேண்டும். 1953 கோடையில் சில்வியாவுக்கு மறுக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதியை இச்சட்டம் உரிமையாக்கியுள்ளது. எஞ்சிய பகுதி, அதாவது அருகில் நிற்கும் மனிதர், சட்டத்தால் வருவதன்று.

இறைவனையே பித்தனாகக் கண்டு பாடிய மரபு தமிழ்மரபு. ஆயின் பக்தியின் பித்து வேறு. உறக்கமும் உணவும் சொல்லும் அற்றுப்போகும் நோய் வேறு. உணர்வுநிலைக் கோளாற்றால் துன்புற்ற ஆத்மாநாமைத் தமிழ்ப் புதுக்கவிதை 1984இல், அவருடைய முப்பத்துமூன்றாம் வயதில் இழந்தது. அத்தகைய இழப்புகளைக் கவிதையின் விலையெனப் போற்றுதல் கவிஞர்களுக்கு அழகன்று.

சேர்வராயன் மலையின் சிற்றூர்களிலும் ஏற்காட்டு விடுதிகளிலும் பிள்ளைகள் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் திடுமெனப் படிப்பை வெறுத்து, உறங்காமல், பேச்சற்று அமர்ந்தால் அதனைச் சோம்பல் என்றோ காற்றுக்கறுப்பு என்றோ தள்ளிவிடாமல், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்து மருத்துவரிடம் உடன்செல்ல ஒருவர் வேண்டும். என்ன சிகிச்சை, ஏன், எவ்வாறு என்று கேட்டறிந்து, அப்பிள்ளைக்கும் விளங்கச்சொல்லி, கண்விழிக்கும்வரை அருகிருக்கவும் வேண்டும். ஓட்டோ பிளாத்துக்கு அத்தகைய துணையை அவருடைய அச்சமே மறுத்தது. அவர் மகளுக்கு ஒரு டிசம்பரில் அது கிடைத்தது. அதன்பின் அவர் வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளில்தான் உலகம் இன்று படிக்கும் சில்வியா பிளாத் எழுதினார்.